மன்னார்க் காத்தாடியும் லயத்து டிரிப் சுவிட்சும்

ஆகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போகிற நம் தோட்டத்து ஆட்கள், வந்தது வந்தோம் என்று திருக்கேதீஸ்வரத்தையும் கும்பிட்டுவிட்டு, பாலம் கடந்து தலைமன்னார் வரைக்கும் ஒரு நடை போய்வருவது உண்டு. நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டி வந்து இறங்கிய கரை அது. அங்கேயிருந்துதான் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1914 இல்தான் தலைமன்னாருக்கு ரயில் வந்தது.

இன்றைக்கு அந்தத் தீவுக்குப் போனால் தெற்குக் கரையோரமாக வரிசையாய் நிற்கும் பெரிய காத்தாடிகள்தான் கண்ணில் படும். அதைப் பார்த்த ஒரு சின்னப் பையன் வேனுக்குள்ளிருந்து கேட்டானாம்: "அப்பா, இவ்வளவு பெரிய பேன் எதுக்கு? இதுனாலதான் இங்க இப்படிக் காத்தடிக்குதா?"

வேனே சிரித்தது. ஆனால் பையன் கேட்டதில் பாதி சரி. வீட்டிலுள்ள பேனுக்குக் கரண்ட் கொடுத்தால் அது சுற்றிக் காற்றைத் தருகிறது. மன்னார்க் காத்தாடிக்குக் காற்றைக் கொடுத்தால் அது சுற்றிக் கரண்டைத் தருகிறது. இரண்டுக்கும் உள்ளே இருக்கிற விஷயம் ஒன்றுதான்: காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். பேக்டரியில் கொழுந்து வாடவைக்கும் பெரிய விசிறியும், ரோலரைச் சுற்றும் மோட்டரும் இதே குடும்பம்தான்.

மன்னாரில் இருப்பதன் பெயர் 'தம்பபவனி'. இலங்கை மின்சார சபை கட்டி, 2020 டிசம்பரில் திறந்து வைத்தது. 30 காத்தாடிகள். ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். ஒரு காத்தாடியின் இறக்கைகள் சுற்றும் வட்டம் 126 மீற்றர் குறுக்களவு. நம்மூரில் நோர்ட்டன் பிரிட்ஜில் 1965 இல் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையம் 50 மெகாவாட். காசல்ரீ அணைத் தண்ணீர் அங்கே செய்கிற வேலையைத்தான் மன்னாரில் காற்று செய்கிறது.

இன்னொரு சங்கதி. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது நாம் படாங்கைச் சுற்றிக்கொண்டு மழையில் கொழுந்து பறிக்கிறோம். அந்த மழைதான் காசல்ரீயையும் மவுசாக்கலையையும் நிரப்புகிறது. அதே பருவத்தில் மன்னாரில் மழை கிடையாது, வெறும் காற்று மட்டும் வேகமாக அடிக்கும். ஒரே பருவக்காற்று மலையில் தண்ணீராகவும் மன்னாரில் வேகமாகவும் கரண்ட் கொடுக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் எங்கேயும் நடாமல் அங்கே போய் நட்டார்கள்.

(அங்குள்ள சனங்களுக்கு இது முழுச் சந்தோஷம் என்று நினைத்துவிட வேண்டாம். மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, மீன்பிடி கெடுகிறது, தூர தேசத்துப் பறவைகள் வந்து தங்கும் தீவு பாழாகிறது என்று சொல்லி, புதிய காத்தாடிகள் வேண்டாமென 2025 இல் மன்னார் மக்கள் பல நாள் போராடினார்கள். கரண்ட் போகிற ஊருக்கு வெளிச்சம், அது பிறக்கிற ஊருக்குப் பாரம். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன மலைநாட்டு இடங்களை நினைத்தால் நமக்கு இது விளங்கும்.)

காந்தம் அசைந்தால் கரண்ட்

1820 இல் டென்மார்க் நாட்டில் ஒயர்ஸ்டெட் என்ற ஆசிரியர், கரண்ட் ஓடுகிற கம்பிக்குப் பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் முள் திரும்புவதைக் கண்டார். அதாவது கரண்ட் ஓடும் கம்பி காந்தம் மாதிரி வேலை செய்கிறது. அப்படியானால் காந்தத்தை வைத்துக் கரண்ட் எடுக்க முடியாதா என்று பலர் முயன்றார்கள். 1831 இல் அதைச் செய்து காட்டியவர் மைக்கேல் பாரடே. கொல்லனுடைய மகன். பெரிய படிப்புக் கிடையாது. லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போய், கட்ட வந்த புத்தகங்களையே வாசித்துப் படித்தவர்.

அவர் கண்டது இதுதான்: செப்புச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை. காந்தம் அசைய வேண்டும், அல்லது சுருள் அசைய வேண்டும், அல்லது காந்தத்தின் பலம் கூடிக் குறைய வேண்டும். அந்த மாற்றம் நடக்கும்போதுதான் சுருளில் கரண்ட் பிறக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பழைய சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு மிதித்துப் பாருங்கள். உள்ளே காந்தம் சுற்றும், லைட் எரியும். லைட் எரியும்போது மிதிப்பது பாரமாக இருக்கும். லைட்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டால் பாரம் குறையும். கரண்ட் சும்மா வருவதில்லை, யாரோ மிதிக்க வேண்டும். சைக்கிளில் நம் கால், நோர்ட்டனில் தண்ணீர், மன்னாரில் காற்று. ராத்திரி நீங்கள் ஒரு லைட்டைப் போட்டால், எங்கோ ஒரு சக்கரத்துக்கு மயிரிழை அளவு பாரம் கூடுகிறது.

பீலித் தண்ணீரும் கரண்டும்

கரண்டை விளங்கிக்கொள்ளப் பீலித் தண்ணீரை நினைத்துக்கொள்ளலாம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தண்ணீருக்குத் தள்ளு விசை. கரண்டில் அதற்கு வோல்ட் என்று பெயர். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல, கம்பியில் எவ்வளவு ஓடுகிறது என்பது அம்பியர். குழாய் ஒடுங்கினால் தண்ணீர் குறையும் அல்லவா, அந்த இடைஞ்சலுக்குத் தடை என்று பெயர். வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட்.

ஆனால் ஓரிடத்தில் இந்த உவமை உடைந்து போகும். பீலித் தண்ணீர் குடத்தில் விழுந்தால் கணக்கு முடிந்தது. கரண்ட் அப்படியல்ல. போனது திரும்பி வந்தே ஆகவேண்டும். டோர்ச் லைட்டில் பெட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்பு வழியாக மறு முனைக்கு வட்டம் முழுமையாக இருந்தால்தான் எரியும். சுவிட்ச் என்பது அந்த வட்டத்தை வெட்டுவதும் சேர்ப்பதும்தான். பள்ளிப் புத்தகத்தில் இதை மின்சுற்று என்பார்கள். அதனால்தான் வீட்டுக்கு இரண்டு வயர் வருகிறது: போகிற வழி லைவ், திரும்பும் வழி நியூட்ரல்.

பல்பு கரண்டைத் தின்பதும் இல்லை. எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவும் வெளியே வரும். அது கொண்டுவந்த சக்தியைத்தான் பல்பு எடுத்துக்கொள்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

மன்னாரிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வருகிறது? கம்பியில் கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும். இரண்டு மடங்கு அம்பியர் ஓடினால் நான்கு மடங்கு சூடு. அந்தச் சூடு வீண். ஆகவே டிரான்ஸ்போமரை வைத்து வோல்ட்டை உயர்த்தி அம்பியரைக் குறைத்து அனுப்புகிறார்கள். பெரிய கோபுரக் கம்பிகளில் 1,32,000 வோல்ட், 2,20,000 வோல்ட் என்று இருக்கும். ஊருக்கு வந்ததும் மறுபடி டிரான்ஸ்போமரால் இறக்குகிறார்கள். டிரான்ஸ்போமரிலும் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு செப்புச் சுருளும்தான். ஒரு சுருளில் விநாடிக்கு 50 தரம் கரண்ட் முன்னும் பின்னும் ஆட, இரும்பின் காந்தமும் கூடிக் குறைய, மற்றச் சுருளில் கரண்ட் பிறக்கிறது.

அதே சூட்டுக் கணக்கு லயத்துக்குள்ளும் உண்டு. 1,000 வாட் அயன் பெட்டி சுமார் 4.3 அம்பியர் எடுக்கும். 1,500 வாட் கேத்தல் 6.5 அம்பியர். 5 அம்பியர் பிளக்கில் இரண்டையும் சேர்த்துக் குத்தினால், அந்த மெல்லிய வயர் தாங்கக்கூடிய சூட்டைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஏறும். பலகைச் சீலிங், பழைய துணி மூட்டை, அடுப்புப் புகை படிந்த கூரை. பத்துக் காம்பரா ஒரே கூரைக்குக் கீழே. தீ எந்தக் காம்பராவில் பிடித்தால் என்ன?

பியூஸ் காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல

கரண்ட் கம்பியில் காக்கை உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால், காக்கை வழியாகத் திரும்பிப் போக வழியில்லை. வழி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்போமரில் பட்டு, நாடு முழுவதும் கரண்ட் போனது.

மண்ணும் கரண்டுக்கு ஒரு வழிதான். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் லைவ் வயரைத் தொட்டால், கரண்ட் நியூட்ரலைத் தேடிப் போகாது. கை வழியாக, நெஞ்சு வழியாக, கால் வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்பும். நனைந்த உடம்பில் தடை குறைவு. மழைக்காலத்து லயமும், நனைந்த கையும், தகரக் கூரையில் கட்டிய துணி காயப்போடும் கம்பியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பழைய 25 வாட் குண்டு பல்பு எடுப்பது ஓர் அம்பியரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்த அளவு கரண்ட் நெஞ்சு வழியாக ஒரு விநாடி போனாலே உயிர் போகலாம். ஆனால் 5 அம்பியர் பியூஸ் உருக வேண்டுமானால் இதைப்போல ஐம்பது மடங்கு ஓடவேண்டும். பியூஸைப் பொறுத்தவரை மனிதன் சாவது ஒரு சின்னப் பல்பு எரிகிற கணக்குத்தான். "நம்ம வீட்ல பியூஸ் இருக்கு, பயமில்ல" என்று சொல்பவர்கள் இதைக் கவனியுங்கள். அந்தப் பியூசுக்குள்ளும் சிகரட் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தால், வயருக்கும் காவல் இல்லை.

ஆளைக் காப்பாற்றுவது டிரிப் சுவிட்ச். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், இவ்வளவு நேரம் பேசியது எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது.

காலையில் பெரட்டில் பேர் போட்டு மலைக்கு அனுப்பிய அறுபது பேரும் சாயங்காலம் திரும்ப வேண்டும். ஐம்பத்தொன்பது பேர் வந்தால் கணக்கப்பிள்ளை சும்மா இருப்பாரா? டிரிப் சுவிட்சும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. உள்ளே ஓர் இரும்பு வளையம். லைவ் வயரும் நியூட்ரல் வயரும் அதன் ஊடாகப் போகின்றன. போகிற கரண்ட் வளையத்தை ஒரு பக்கமாகக் காந்தமாக்கும், திரும்புகிற கரண்ட் எதிர்ப்பக்கமாக. இரண்டும் சமமாக இருக்கும்வரை ஒன்றை ஒன்று அழித்துவிடும், வளையம் சும்மா கிடக்கும். யாரோ ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் மண்ணுக்குப் போய்விட்டால், திரும்பி வருவது குறையும். உடனே வளையத்தில் காந்தம் எழும்பும். வளையத்தில் மூன்றாவதாகச் சுற்றிய சுருளில், பாரடே சொன்னபடி, கரண்ட் பிறக்கும். அது ஒரு கொக்கியைத் தட்டிவிடும். டக்! வீடு இருட்டு. ஆள் பிழைப்பார்.

மன்னாரில் 126 மீற்றர் வட்டத்தைச் சுற்றிக் கரண்டைப் பிறப்பிக்கிற அதே விதி, இங்கே உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் உயிரைக் காக்கிறது. வீடுகளுக்குப் பொதுவாகப் போடுவது 30 மில்லி அம்பியர், அதாவது ஓர் அம்பியரில் நூற்றில் மூன்று பங்கு குறைந்தாலே விழுந்துவிடும்.

அதனால், மழை நாளில் அது அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு, வயரை நேராகப் போட்டு அதைத் தாண்டிவிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அது விழுவது அதன் கோளாறு அல்ல. எங்கோ கரண்ட் சுவருக்கோ தகரத்துக்கோ கசிகிறது என்று சொல்கிறது. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், எதைக் கழற்றினால் நிற்கிறதோ அதில்தான் கசிவு. எல்லாம் கழற்றியும் விழுந்தால் சுவருக்குள் ஓடும் வயரில். அதற்கு எலக்ட்ரீசியன்தான் வேண்டும்.

அதற்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. ஒரு கையில் லைவ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், போனது முழுதும் திரும்பி வருவதால் அதற்குச் சந்தேகமே வராது. பக்கத்துக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த வயருக்கும் அதன் காவல் கிடையாது, கணக்குப் பார்க்கிறவரைக் கடக்காமலே வந்த கரண்ட் அது. அயன் பெட்டி, ரைஸ் குக்கர் போன்ற இரும்பு உடம்புச் சாமான்களின் மூன்றாவது கால் ஏர்த். கசிவை நம் உடம்புக்கு முன்பே மண்ணுக்குக் கொண்டுபோய் டிரிப்பை விழவைப்பது அதுதான். பிளக்கில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

டிரிப் சுவிட்சின் முகத்தில் ஒரு சின்னச் சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை, சம்பள நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, அதை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது, தூக்கிவிடுங்கள். விழாவிட்டால் அது செத்துப்போன காவல்காரன், மாற்ற வேண்டும். உங்கள் லயத்தில் அந்தப் பெட்டியே இல்லையென்றால், அடுத்த தோட்டக் கூட்டத்தில் முதல் பேச்சாக அதைக் கேளுங்கள்.