பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக்க எந்த ஸ்கேனர் வாங்கலாம்? பெட்டியில் இருக்கும் ‘டிபிஐ’ எண்ணை நம்பலாமா?

வீடு மாற்றும்போதோ, பொங்கலுக்குப் பரணை ஒழிக்கும்போதோ பல வீடுகளில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கைக்கு வரும். உள்ளே ஸ்டுடியோ பெயர் அச்சிட்ட கவர்கள். கவருக்குள் நாலைந்து படங்களாக வெட்டப்பட்ட, ஆரஞ்சு நிற ஃபிலிம் துண்டுகள். அப்பா - அம்மா கல்யாணம், முதல் பிறந்தநாள், இப்போது உயிரோடு இல்லாத பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் என எல்லாம் அதில் இருக்கும். ஆல்பத்தில் இருந்த பிரிண்டுகள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு பாழாகியிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த வீடுகள் பலவற்றில் ஆல்பமே மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அந்தப் படங்களின் ஒரே மூலப்பிரதி இந்த நெகட்டிவ்தான்.

‘சரி, ஒரு ஸ்கேனர் வாங்கி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்’ என்று ஆன்லைனில் தேடினால் தலை சுற்றும். ஒன்றில் 6,400 டிபிஐ, இன்னொன்றில் 7,200 டிபிஐ, வேறொன்றில் 22 மெகாபிக்சல். பெரிய எண்ணாகப் பார்த்து ஆர்டர் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. எந்த ஸ்கேனர் சரி என்பதை முடிவு செய்வது அந்த எண் அல்ல. பரணிலிருந்து இறங்கிய டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

எதுக்கு இவ்வளவு அவசரம்?

ஃபிலிம் நிரந்தரமானது இல்லை. கலர் ஃபிலிமில் படத்தை உருவாக்கியிருப்பவை சாயங்கள். அவை இருட்டில் வைத்தாலும் மெல்ல மெல்ல வெளுக்கும். வெப்பம் இதை வேகப்படுத்தும். ஃபிலிமின் மேல் பூசப்பட்டிருப்பது ஜெலட்டின். ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் அது பூஞ்சைக்கு நல்ல தீனி.

மூன்றாவது ஆபத்து, அசிடேட் அடித்தளம் கொண்ட ஃபிலிம்கள் சிதையத் தொடங்குவது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் போலப் புளித்த வாடை வந்தால் இதுதான் காரணம். அந்த ஃபிலிம் சுருங்கி, வளைந்து, கடைசியில் ஸ்கேனரில் வைக்கவே முடியாத நிலைக்குப் போகும். இதைத் தள்ளிப்போடலாம், சரிசெய்ய முடியாது. வாடை வரும் துண்டுகளைத் தனியாகப் பிரித்துவைத்து, முதலில் அவற்றை ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

முதல் வேலை: டப்பாவைப் பிரித்து எண்ணுவது

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 35 மி.மீ. ஃபிலிம். இரு ஓரத்திலும் துளைகள் இருக்கும். ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மி.மீ. தாத்தா காலத்து டப்பா என்றால் துளைகள் இல்லாத, அகலமான சதுர நெகட்டிவ்கள் கிடைக்கலாம். அவை ‘120’ வகை. ஆக்ஃபா க்ளிக் 3 போன்ற கேமராக்களில் ஒரு ரோலுக்கு 12 படம் எடுத்தது இந்த ஃபிலிமில்தான். சட்டம் போட்ட சின்னச் சதுரங்களாக, நேரடியாகச் சரியான நிறத்தில் தெரிந்தால் அவை ஸ்லைடுகள்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? ஃபிலிமுக்கென்றே வரும் ஸ்கேனர்களில் பல, 35 மி.மீ.க்கு மட்டுமே. அதை வாங்கிவந்த பிறகு தாத்தாவின் சதுர நெகட்டிவ்களை எடுத்தால், உள்ளேயே நுழையாது.

எதில் என்ன படம் என்று பார்க்க ஸ்கேனர் தேவையில்லை. டேப்லெட்டில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, நெகட்டிவை அதிலிருந்து ஓரிரு அங்குலம் உயர்த்திப் பிடிக்க வேண்டும். செல்போன் கேமராவை நிறம் தலைகீழாகத் தெரியும் அமைப்பில் வைத்துப் பார்த்தால், படத்தில் இருப்பவர்களை அடையாளம் காணலாம். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை இந்தக் கட்டத்திலேயே பிரித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

6,400 டிபிஐ என்றால் நிஜமாகவே 6,400-ஆ?

டிபிஐ என்பது ஒரு அங்குலத்தை ஸ்கேனர் எத்தனை புள்ளிகளாகப் பிரிக்கிறது என்ற கணக்கு. ஆனால் புள்ளிகளைப் பிரிப்பது வேறு, அந்தப் புள்ளிகளில் உண்மையான நுணுக்கம் இருப்பது வேறு. லென்ஸும் ஃபோகஸும் சுமாராக இருந்தால், மங்கலான படமே நிறைய புள்ளிகளாகக் கிடைக்கும்.

மெல்லிய கோடுகள் கொண்ட சோதனைத் தகட்டை ஸ்கேன் செய்து, எந்தக் கோடு வரை தனித்தனியாகத் தெரிகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். 6,400 டிபிஐ என்று விற்கப்படும் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 போன்ற தட்டை ஸ்கேனர், இத்தகைய சோதனைகளில் சுமார் 1,500 அளவிலான நுணுக்கத்தையே தருகிறது. 7,200 என்று சொல்லும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் வகை ஸ்கேனர்கள் 3,000-ஐத் தாண்டுகின்றன. சொன்ன எண்ணில் பாதிதான் என்றாலும், தட்டை ஸ்கேனரைவிட இரு மடங்கு.

இது நடைமுறையில் என்ன வித்தியாசம்? 35 மி.மீ. நெகட்டிவில் உண்மையான 1,500 டிபிஐ என்றால் சுமார் 3 மெகாபிக்சல். செல்போனில் பார்க்கவும், ஆல்பத்தில் வைக்கும் 4-க்கு 6 அங்குல பிரிண்டுக்கும் இது போதும். 8-க்கு 12 அங்குல பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமென்றால் 8 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். அதற்கு உண்மையான 2,500 டிபிஐ-ஆவது தேவை.

மாறாக, 7,200-இல் வைத்து ஸ்கேன் செய்தால் ஒரே படம் 69 மெகாபிக்சல் ஆகும். அதை 48 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் 400 எம்பி-யைத் தாண்டும். ஹார்டு டிஸ்க் நிறையும். படத்தில் கூடுதலாக எதுவும் தெரியாது.

120 நெகட்டிவ் கதை வேறு. ஃபிலிமே பெரியது என்பதால், தட்டை ஸ்கேனரின் 1,500 டிபிஐ-யிலும் சதுரப் படம் ஒன்றுக்கு 10 மெகாபிக்சலுக்கு மேல் கிடைக்கும்.

தூசியும் கீறலும்: அகச்சிவப்புக் கதிர் உதவுமா?

முப்பது வருடத் தூசியை எவ்வளவு ஊதினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இதற்காகவே சில ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளி உண்டு. கலர் ஃபிலிமின் சாயங்கள் வழியே அது ஊடுருவிப் போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் மறிக்கும். எங்கே மறிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மென்பொருள் நிரப்பிவிடும். ‘டிஜிட்டல் ஐஸ்’ என்று சொல்லப்படுவது இதைத்தான். நூற்றுக்கணக்கான கலர் நெகட்டிவ் உள்ளவர்களுக்கு இது மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாடல் பெயரில் ஒரு எழுத்து மாறினால் இந்த வசதி இருக்காது. பிளஸ்டெக் 8200ஐ மாடலில் அகச்சிவப்பு உண்டு, 8100-இல் கிடையாது. பட்டனை அமுக்கினால் திரையில் படம் காட்டும் சின்ன வகை ஸ்கேனர்களிலும் பொதுவாக இருக்காது.

ஆனால் கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இந்த வித்தை பலிக்காது. அதில் படத்தை உருவாக்கியிருப்பது வெள்ளித் துகள். வெள்ளி, அகச்சிவப்பையும் மறித்துவிடும். தூசி எது, படம் எது என்று ஸ்கேனருக்குத் தெரியாமல், முகத்தையே கீறல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இண்டு’ கருப்பு வெள்ளை ரோல்கள் உங்கள் டப்பாவில் இருந்தால், அந்த வசதியை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்ய வேண்டும். கோடாக்ரோம் ஸ்லைடுகளிலும் இது தடுமாறலாம்.

அப்போ, எதைத்தான் வாங்குறது?

*செல்போனும் லைட் பாக்ஸும்:* செலவு மிகக் குறைவு. படங்களை அடையாளம் காணவும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவும் போதும். பாதுகாத்து வைக்கும் பிரதியாக இதை நம்ப முடியாது.

*திரையுள்ள சின்ன ஸ்கேனர்:* கோடக் ஸ்லைடு என் ஸ்கேன் போன்றவை. கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு படத்துக்குச் சில நொடிகள். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கேமரா. 22 மெகாபிக்சல் என்பது, 14 மெகாபிக்சல் படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கிய எண். ஜேபெக் மட்டுமே தரும் என்பதால், பிறகு நிறம் திருத்த இடம் குறைவு. வீட்டுப் பெரியவர்களே உட்கார்ந்து செய்யலாம் என்பது இதன் பலம்.

*தட்டை ஸ்கேனர்:* எப்சன் வி600 போன்றவை. 35 மி.மீ., 120, ஸ்லைடு, பழைய பிரிண்ட், கடிதம் எல்லாம் ஒரே இயந்திரத்தில். ஒரே நேரத்தில் 12 நெகட்டிவ் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கலவையான டப்பா உள்ள வீடுகளுக்கு இதுவே பொருத்தம்.

*35 மி.மீ. ஃபிலிம் ஸ்கேனர்:* பிளஸ்டெக் 8200ஐ போன்றவை. நுணுக்கம் அதிகம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் கையால் நகர்த்த வேண்டும். ஸ்லைடுகளின் அடர்ந்த நிழல் பகுதியில் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கடக்காது. அங்கே விவரம் எடுப்பதில் தட்டை ஸ்கேனரைவிட இவை மேல்.

*டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும்:* ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேகமான வழி. 24 மெகாபிக்சல் முழு ஃபிரேம் கேமராவால் நெகட்டிவை நிறைத்து எடுத்தால், கணக்குப்படி 4,000 டிபிஐ-க்கு மேல் வரும். சிஆர்ஐ 95-க்கு மேலுள்ள ஒளிப் பலகை, ஆடாத ஸ்டாண்டு, ரா கோப்பு ஆகியவை அவசியம். ஆரஞ்சுத் திரையை நீக்கி நிறம் கொண்டுவர, லைட்ரூமில் இயங்கும் நெகட்டிவ் லேப் ப்ரோ, இலவச மென்பொருளான டார்க்டேபிள் ஆகியவை உதவும். தூசியை மட்டும் கையால்தான் நீக்க வேண்டும்.

*பழைய நிகான் கூல்ஸ்கேன்:* இன்றும் பலர் தேடும் தரம். ஆனால் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. செகண்ட் ஹேண்டில் வாங்கினால், ரிப்பேருக்கு உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம். நிகானின் பழைய மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓடாது; வியூஸ்கேன் போன்ற வேறொன்றை வாங்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய செலவு: நேரம்

20 ரோல், ரோலுக்கு 36 படம் என்றால் 720 நெகட்டிவ். ஃபிலிம் ஸ்கேனரில் படத்துக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 48 மணி நேரம். ஆபீஸ் முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல். கேமராவில் படத்துக்கு 20 நொடி என்றால், அதே 720 படமும் 4 மணி நேரத்தில் முடியும். நிறம் திருத்தும் வேலை தனி. ஆசையாக வாங்கிய ஸ்கேனர் மூன்றாவது ரோலோடு பரணுக்குப் போவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

நூறு படங்களுக்குள் என்றால், வாங்குவதைவிட நெகட்டிவ் ஸ்கேன் செய்துதரும் லேபில் கொடுப்பது மேல். ஒரு படத்துக்கு அவர்கள் கேட்கும் தொகையை எண்ணிக்கையால் பெருக்கி, ஸ்கேனர் விலையோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு துண்டை மட்டும் தந்து, எந்த ஸ்கேனர், எத்தனை பிக்சல், டிஃப் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மொத்த டப்பாவையும் கூரியரில் அனுப்புவது ஆபத்து; தொலைந்தால் மாற்று கிடையாது.

இதையெல்லாம் செய்யாதீங்க

நெகட்டிவின் ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். பருத்திக் கையுறை இருந்தால் நல்லது. தூசியை ரப்பர் ஊதியால் ஊதலாம், துணியால் துடைக்கக் கூடாது. பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும். படமும் அதோடு போய்விடும்.

ஸ்கேன் முடிந்ததும், திருத்தாத டிஃப் ஒன்றையும், பகிர்வதற்கான ஜேபெக் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று பிரதிகள், இரு வேறு சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். நெகட்டிவைத் தூக்கிப்போட வேண்டாம். ஹார்டு டிஸ்க் பழுதானால் மீண்டும் அதுதான் கைகொடுக்கும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, காகித உறையில், வெயில் படாத அலமாரியில் வைக்கலாம். பரண் வேண்டாம், வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்கு எந்த ஸ்கேனரும் உதவாது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்பவர் யார், அது எந்த ஊர்க் கோயில், எந்த வருஷம் என்பதெல்லாம் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும்தான் தெரியும். முதல் ரோல் ஸ்கேன் ஆனதுமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்துவிடலாம். 720 படமும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.