இருளில் அலையும் விளக்கு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 1902 ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்துவிட்டது. எனினும், 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்படும்வரை, பாறையைக் குடையும் முனைகளில் தொழிலாளர் தாம் கொண்டு சென்ற விளக்கையே நம்பியிருந்தனர். அவர்களுள் மிகப் பலர் தமிழர்.

அத்தகைய முழு இருளில், தொலைவில் ஒற்றை விளக்கு ஒன்று அசையாது நிற்பதாகக் கொள்வோம். சிறிது நேரம் அதனை உற்று நோக்கினால், அது மெல்ல ஊர்வது போலத் தோன்றும். ஒருவருக்கு இடப்புறம் செல்லும். மற்றொருவருக்கு மேலே ஏறும். அது சுவரில் மாட்டிய விளக்கா, நடந்து செல்லும் மனிதரின் விளக்கா என்பதைக் கண்ணை மட்டும் கொண்டு துணிய இயலாது. சுரங்கம் போன்ற இடத்தில் இம்மயக்கம் விபத்துக்கு வழிவகுக்கக் கூடியது.

இதனை முதலில் பதிவு செய்தோர் வானை நோக்கியவர்களே. 1799 இல் ஹும்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், தெனெரீஃப் தீவின் மலைமீது விண்மீன்கள் ஊசலாடக் கண்டு, அதனைப் புற நிகழ்ச்சி என்றே கருதினார். ஒரே விண்மீனை ஒரே வேளையில் நோக்குவோர் வெவ்வேறு திசைகளில் அசைவு காண்கின்றனர் என்று 1857 இல் ஷ்வைட்சர் காட்டினார். ஆட்டம் விண்மீனில் இல்லை என்பது அதனால் விளங்கிற்று.

உற்று நோக்கும்போதும் நம் கண் முற்றும் நிலைத்திருப்பதில்லை. நுண்ணிய அளவில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பகலில் சுவரும் மரமும் சேர்ந்து நகர்வதால், மூளை அவ்வசைவைக் கண்ணின் கணக்கில் வைத்துவிடுகிறது. இருளில் ஒப்பிடுதற்கு வேறு பொருளில்லை. பழி விளக்கின்மேல் விழுகிறது. இரவில் பறக்கும் விமானிகள் ஒரே ஒளியை நெடுநேரம் நோக்கலாகாது எனப் பயிற்றுவிக்கப்படுவது இது பற்றியே.

1935 இல் முசாபர் ஷெரிஃப் என்னும் உளவியலார் வெளியிட்ட சோதனை இன்னும் வியப்பானது. தனித்திருந்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு கூறினர். ஒன்றாக அமர்ந்து உரக்கச் சொன்னபோது அளவுகள் ஒன்றையொன்று நெருங்கின. விளக்கோ அசையவே இல்லை! பல சாட்சிகள் ஒத்துரைப்பதை விசாரணையில் எடைபோடுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

வகுப்பில் இதனைச் செய்து காட்டுவது எளிது. கைவிளக்கை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஊசித்துளை ஒன்று இட்டு, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி மாணவரை அமர்த்துக. இரண்டு நிமிடம் நோக்கியபின், தாம் கண்டதை ஒருவரோடொருவர் பேசாமல் எழுதட்டும். பிறகு, ஒரு சாண் தள்ளி இரண்டாவது துளையையும் திறந்தால் அலைச்சல் குறையும். கதவிடுக்குகளைத் துணியால் நன்கு அடைத்தல் வேண்டும். ஒரு கீற்று வெளிச்சம் நுழைந்தாலும் விளக்கு நின்றுவிடும்.