கொல்லத் தெருவில் ஊசி!

எங்கள் மாடிக் குடித்தனத்துப் பெண் பட்டதாரி. மத்திய சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணக்கில் புலி, இங்கிலீஷ் என்றால் மட்டும் முகம் சுண்டிவிடும். ஒரு நாள் மாதிரிப் பரீட்சை எழுதிவிட்டுக் கண் கலங்க வந்து நின்றாள்.

"மாமி, 'ஒயிட் எலிஃபண்ட்' என்றால் அபூர்வமான பொருள் என்று எழுதினேன். தப்பாம்!"

தப்புத்தான். தீனி போட்டு மாளாத, உபயோகமில்லாத சொத்துக்கு அந்தப் பெயர். சயாம் ராஜா தமக்குப் பிடிக்காதவருக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். புனிதமான பிராணி, வேலை வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது. மனிதர் போண்டி! கதை நிஜமோ, கட்டுக்கதையோ, கேட்டவர்களுக்கு அர்த்தம் மறக்காது.

ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் பட்டதாரிப் பரீட்சையின் முதற் கட்டத்தில் 100 கேள்விகள். ஒரு மணி நேரம். அவற்றில் 25 இங்கிலீஷ். சரியான விடைக்கு 2 மார்க். தப்பானால் கையிலிருப்பதில் அரை மார்க் போய்விடும். குருட்டாம்போக்கில் குறி போட இது இடமல்ல. 'இந்தத் தடவை தவறினால் வரன் பார்க்க வேண்டியதுதான்' என்று அப்பா வேறு சொல்லியிருக்கிறார்.

அவளோ தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தினம் ஐம்பது வார்த்தை உருப்போட்டாள். மறுநாள் பத்துக்கூட மிஞ்சவில்லை! வேரைப் பிடித்தால் கிளைகள் தாமே வரும் என்றேன். கிரேக்கத்தில் 'ஆந்த்ரோபோஸ்' என்றால் மனிதன். மனித இனத்தை ஆராய்வது 'ஆந்த்ரபாலஜி'. மனிதரை வெறுப்பவன் 'மிஸந்த்ரோப்'. மனிதரிடம் அன்பு வைத்து வாரி வழங்குபவர் 'ஃபிலாந்த்ரபிஸ்ட்'. 1949-ல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இந்த வழியில்தான் போகிறது.

மரபுத் தொடர்களுக்கு நம் பாட்டிமார் சொத்து இருக்கவே இருக்கிறது. நியூகாசில், நிலக்கரிக்குப் பேர்போன இங்கிலாந்துத் துறைமுகம். அங்கே கரி சுமந்து போவதாவது? நம் கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான்! 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' நமக்கு அத்தி பூத்தாற்போல. 'கிக் தி பக்கெட்' என்றால் வாளியை உதைப்பதா என்று சிரித்தாள். 'மண்டையைப் போட்டார்' என்று நாம் சொல்வது மட்டும் என்ன லட்சணம், சொல்லுங்கள்!

பயப்படவும் வேண்டாம். 'கறி', 'கட்டுமரம்' எல்லாம் நம்மிடமிருந்து இங்கிலீஷ் வாங்கிக்கொண்ட வார்த்தைகள்தானே?

இன்னொன்று: படித்ததை மறுநாள், மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் தம்மையே சோதித்து 1885-ல் எழுதினார்: மறதி முதலில் வேகமாக வருகிறது, பிறகு மெதுவாகிறது; ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களில் பரப்பிப் படிப்பது நிற்கிறது.

இப்போது அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் நம் பழமொழி. நேற்று இரவு மாடியில் பேச்சுக் குரல் கேட்டது. அப்பாதான் நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஜாதகக் கட்டு அலமாரிக்குள் போய்விட்டதாம்!