மலையும் ஆசிரியரும்

நல்லாசிரியருக்கு மலையை உவமை கூறினார் நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர். மலையின் பெருமை அளத்தற்கரியது. அதன் நிலை அசைத்தற்கரியது. மழை வறண்ட காலத்தும் அது வளம் தரும். அவ்வாறாயின், மலையேற்றத்தையே கற்பிக்கும் ஆசிரியர் எத்தகையராதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தருவது டார்ஜிலிங் நகரின் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் வரலாறு.

1953 மே 29ஆம் நாள் டென்சிங் நோர்கே, எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார். அம்மலையை நாடி அவர் சென்றது அது ஏழாவது முறை. மறு ஆண்டு, மலையேற்றம் பயிற்றுவதற்கென ஒரு நிலையம் அமைக்க இந்தியா முற்பட்டபோது, களப் பயிற்சியின் தலைமை அவரிடமே ஒப்புவிக்கப்பட்டது. உலகின் உச்சியில் நின்றவருக்கு இனி வேறென்ன தகுதி வேண்டும் என்று எவரும் எண்ணக்கூடும். ஆயின் நடந்தது வேறு. நாற்பது வயதளவினரான டென்சிங், ஷேர்ப்பாக்கள் அறுவரோடு சுவிற்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ரோசன்லவி என்னுமிடத்தில், ஆர்னோல்ட் கிளாட்ஹார்ட் என்ற மலை வழிகாட்டியிடம் அவர்கள் மாணாக்கராயினர். அதன் பின்னரே, 1954 நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங் நிலையம் தொடங்கிற்று.

இதன் காரணம் ஆராயத்தக்கது. ஷேர்ப்பாக்கள் சுமை தூக்கியும், முன் செல்வோரைப் பார்த்தும் மலையை அறிந்தவர்கள். அவ்வறிவு அவர்தம் கையிலும் காலிலும் இருந்தது. கற்பிப்பதற்கோ ஒழுங்கு வேண்டும். எந்த முடிச்சை முதலிற் காட்டுவது, புதியவனை எந்தப் பாறையில் ஏற்றுவது, பனிச்சரிவில் வழுக்குபவன் பனிக்கோடரியால் தன்னை நிறுத்திக்கொள்ள எவ்வாறு பழக்குவது என்பனவற்றை வரிசைப்படுத்தல் வேண்டும். கற்ற முறைப்படி கற்பிக்க அறியாதவரை, இட்ட காய்கள் முறைமாறி விழும் கழற்குடத்துக்கு ஒப்பிட்டது நன்னூல். பயின்று வந்தோர் அக்குறை நேராமற் காத்துக்கொண்டனர் எனலாம்.

அந்நிலையத்தில் பயிற்றுநராக விரும்புவோர் படிப்படியாகவே உயர்தல் வேண்டும். தொடக்கப் பயிற்சியில் முதல்தரம் பெற்றவரே உயர் பயிற்சிக்கும், அங்கும் முதல்தரம் பெற்றவரே கற்பித்தல் முறைப் பயிற்சிக்கும் தகுதியுடையர். இத்துணைக் கண்டிப்பு மிகையன்று. வகுப்பறைப் பிழையைச் செம்மையினால் திருத்தலாம். பனிமலையில் ஒரு பிழை உயிரையே கொள்ளும். தேர்ந்தோர்க்கும் மலை இரங்குவதில்லை. நிலையத்தின் முதல் அதிபராயிருந்த மேஜர் ஜயால், 1958இல் சோ ஓயு மலைப் பயணத்தின்போது உயிர் நீத்தார்.

சுவிற்சர்லாந்து சென்ற அறுவரில் இளையவரான நவாங் கொம்பு, 1963இலும் 1965இலும் எவரெஸ்ட் ஏறி, அதனை இருமுறை எட்டிய முதல் மனிதரானார். 1976இல் டென்சிங் வகித்த பொறுப்பும் அவரையே வந்தடைந்தது.

சிகரத்தை எட்டுதல் ஒருவர் தமக்காகப் பெறும் வெற்றி. பிறர் மகனைப் பனியினூடே அழைத்துச் சென்று, பழுதின்றி அவன் தாயிடம் சேர்ப்பிக்கும் ஆற்றலோ தனியே கற்றுத் தேறவேண்டிய கலை. எவரெஸ்ட் வென்ற பின்னரும் மாணாக்கனாய் அமர்ந்த டென்சிங்கின் பணிவு, கற்பிக்கும் தொழிலுக்கு வாய்த்த பெருமையாகும்.