“பம்பு” அடித்தால் பழகிப் போகுமா? இழுப்புக்காரர்களின் வீண் பயம்!

போகியன்று விடியற்காலை. தெருவெல்லாம் புகை. மருந்துக்கடை திறந்ததும் திறக்காததுமாக ஒருவர் ஓடி வருகிறார். நெஞ்சு ஏறி இறங்குகிறது. மூச்சில் “கீச், கீச்” என்று சத்தம்.

“இழுப்பு மாத்திரை குடுங்க சார்!”

“டாக்டர் பம்பு எழுதிக் குடுத்திருக்காரே?”

“ஐயோ, அது வேணாம். பழகிப் போயிடும். அப்புறம் விடவே முடியாது!”

சென்னையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தப் பயம் நியாயந்தானா?

40-ல் ஒரு பங்கு!

மூச்சுக் குழாயைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. புகை, தூசு, பனி பட்டால் ஆஸ்துமாக்காரர்களுக்கு அது இறுகிக் கொள்ளும். குழாய் குறுகும். உள்ளே போன காற்று வெளியே வரத் திண்டாடும். அதுதான் இழுப்பு.

1969-ல் விற்பனைக்கு வந்த ‘சால்புட்டமால்’ என்ற மருந்து இந்தத் தசையைத் தளர்த்தி, குழாயை விரிக்கிறது.

மாத்திரையாக விழுங்கினால் அது ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பெரிய மாத்திரையில் இருப்பது 4 மில்லிகிராம். அதாவது 4,000 மைக்ரோகிராம். பம்பை ஒரு தடவை அழுத்தினால் வருவதோ 100 மைக்ரோகிராம்தான்! அது நேரே மூச்சுக் குழாய்க்கே போவதால் சில நிமிடங்களில் ஆள் தெளிந்து விடுவார். சில மணி நேரம் தாங்கும்.

சிறுமி கேட்ட கேள்வி

பம்பு பிறந்ததே ஒரு சிறுமியால்தான். 1955-ல் அமெரிக்காவில் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட 13 வயதுச் சிறுமி, தலைமுடிக்கு அடிக்கும் ‘ஸ்பிரே’ மாதிரி தன் மருந்தும் டப்பாவில் வரக்கூடாதா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஜார்ஜ் மெய்சன், ரைக்கர் மருந்துக் கம்பெனியின் தலைவர். மறு வருடமே, 1956-ல், பம்பு கடைக்கு வந்துவிட்டது!

எது ஆபத்து?

பம்பு போதைப் பழக்கம் ஆகாது. ஆனால் அடிக்கடி அடிக்க வேண்டியிருந்தால் உஷார்! குழாயின் உள்ளே வீக்கம் கூடுகிறது என்று அர்த்தம். சால்புட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர, வீக்கத்தை வற்ற வைக்காது. அதற்கு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து தனியாக உண்டு. சால்புட்டமாலை மட்டும் நம்பிக் காலம் தள்ள வேண்டாம் என்று உலக ஆஸ்துமா நிபுணர் குழுவான ‘கினா’ 2019-லேயே சொல்லிவிட்டது. “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று ஸ்டீராய்டு பம்பைத் தானாக நிறுத்துவதுதான் வினை.

இழுப்பது எப்படி?

பம்பை நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, உதட்டால் கவ்விக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு 10 எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு பம்பு என்றால் வாய் கொப்பளிப்பது அவசியம். குழந்தைகள், வயதானவர்களுக்கு ‘ஸ்பேசர்’ குழல் மாட்டிக் கொடுத்தால் சுலபம்.

பம்பு அடித்தும் மூச்சு அடங்கவில்லையா? ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லையா? உதடு நீலம் பாய்கிறதா? வீட்டில் காத்திருக்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்!

அடுத்த போகிக்கு முன்னால் பம்பைக் கையோடு எடுத்துப் போய், சரியாக இழுக்கிறோமா என்று டாக்டர் முன்னால் ஒருமுறை செய்து காட்டுவது நல்லது.