துரு எடுக்க ஆற்று மணலைத் தொடாதீர்கள்!

‘டிராக்டர் மட்கார்டும் டிரெய்லர் சக்கர டிஸ்க்கும் துருப்பிடித்துவிட்டன. வீட்டில் கம்ப்ரஸர் இருக்கிறது. ஆற்று மணலைச் சலித்து நாமே அடித்துக்கொள்ளலாமா?’ வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. அடித்துக்கொள்ளலாம், ஆனால், மணலால் கூடாது.

மணலில் பெரும்பகுதி சிலிக்கா. இரும்பில் வேகமாக மோதும்போது அது உடைந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகி, நுரையீரலின் அடிவரை போய்ப் படியும். அங்கே தழும்பு உண்டாகி மூச்சு வாங்கும். இதுதான் சிலிகோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் பற்றும். நமது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. வாசலில் மணல் அடித்தால் அந்தத் தூளை உங்களோடு சேர்ந்து குழந்தைகளும் சுவாசிப்பார்கள். எம்-சாண்டும் கருங்கல்லை உடைத்ததுதான். அதிலும் சிலிக்கா உண்டு. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது.

எதற்கு எது?

கலப்பை, ரொட்டவேட்டர் சட்டம், சக்கர டிஸ்க் போன்ற கனமான இரும்புக்கு கார்னெட் நல்லது. நம் தென்கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமம்தான் இது. 80 மெஷ் அளவு வீட்டு வேலைக்குப் போதும். சலித்துச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தலாம். ‘காப்பர் ஸ்லாக்’ எனும் தாமிரக் கசடு விலை குறைவு; ஆனால், ஒருமுறைக்குத்தான் உதவும்.

மட்கார்டு, பானட் போன்ற மெல்லிய தகடுகள் அதிக அழுத்தத்தில் நெளிந்துவிடும். நைஸான கார்னெட்டைக் குறைந்த அழுத்தத்தில், சாய்வாக அடியுங்கள். பெயின்ட்டை மட்டும் எடுக்க சமையல் சோடா போதும். அது துருவை எடுக்காது.

கார்பரேட்டர் போன்ற அலுமினிய பாகங்களுக்குக் கண்ணாடி மணிகள் ஏற்றவை. இரும்புக் குண்டுகளை அடித்தால் அவற்றின் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு துருப்பிடிக்கும். ஆயில் போகும் துளைகளை அடைத்துவிட்டு அடியுங்கள். உள்ளே தங்கும் மணிகள் பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங், ஆயில் சீல், மரை பக்கம் துப்பாக்கியைக் காட்டாதீர்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன்மேல் காற்றே அடிக்கக் கூடாது.

காற்று போதுமா?

3 மி.மீ. துளையுள்ள நாசிலுக்கு, 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், நிமிடத்துக்கு 15 கன அடிக்கு மேல் காற்று தேவை. 2 குதிரைத்திறன் கம்ப்ரஸர் அதில் பாதியளவுதான் தரும். எனவே, சிறு பாகங்களை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுச் செய்யலாம். டிரெய்லர் சட்டத்தைப் பட்டறைக்குக் கொடுப்பதே லாபம். லேசான துருவென்றால் கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ்ஷே போதும்.

எந்தப் பொருளை அடித்தாலும் தூசி வரும். கிணறு, மாட்டுக் கொட்டகை, வீடு மூன்றுக்கும் தள்ளி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று அடியுங்கள். வடிகட்டி பொருத்திய ரப்பர் முகக்கவசம், கண்ணாடி, கையுறை, காதடைப்பான் கட்டாயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதனால் விழும் குப்பையைத் தார்ப்பாயில் சேர்த்து மூட்டையாகக் கட்டிவிடுங்கள், வயலில் கொட்டாதீர்கள்.

சுத்தமான இரும்பை வெறுங்கையால் தொடாமல், பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடித்துவிடுங்கள். ஓர் இரவு பனியில் கிடந்தாலே மறுபடியும் துரு ஏறிவிடும்.