நாடி நல்லாத்தான் இருக்கு... நெஞ்சு?

உங்கள் இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலது கையின் மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். 'டக்... டக்...' என்று துடிக்கிறதா? ஒரு நிமிஷம் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60-லிருந்து 100-க்குள் இருந்தால் சரி.

இதைத்தான் நாடி என்கிறோம். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று பார்ப்பது சித்த மருத்துவ முறை. தலத்தெருவில் இருபத்தைந்து வருஷமாகக் கையைப் பிடித்துப் பார்க்கிற நானே சொல்கிறேன். நெஞ்சு வலி வந்தால் என்னிடம் நாடி பார்க்க வராதீர்கள்! ஏன் என்கிறீர்களா? இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும்.

நான்கு அறை, நான்கு வால்வு

மூடிய கை அளவுதான் இதயம். எடை சுமார் 300 கிராம். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள். உடம்பைச் சுற்றி வந்த ரத்தம் வலது பக்கம் வந்து சேரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், கரியமில வாயுவை விட்டுவிட்டு, பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடது பக்கம் திரும்பும். இடது கீழறை அதை மகாதமனி வழியாக உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ளிவிடும்.

பம்புசெட்டில் ஃபுட் வால்வு எதற்கு? ஏறின தண்ணீர் திரும்ப இறங்கிவிடக் கூடாதே! இதயத்திலும் அப்படி நான்கு வால்வுகள். 'லப்-டப்' என்பது அவை மூடுகிற சத்தம்தான்.

நிமிஷத்துக்கு 5 லிட்டர், நாளைக்கு 7,000 லிட்டர் இறைக்கிறது இதயம். ஆனால் உடம்பில் இருப்பதே 5 லிட்டர்தான். அதே ரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. 1628-ல் இதை நிரூபித்துப் புத்தகம் போட்டார் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி. அதுவரை ஐரோப்பாவில், ரத்தம் ஈரலில் புதிதாக ஊறி உடம்பில் தீர்ந்துபோகிறது என்றே நம்பினார்கள்.

நாடி சொல்லாத சேதி

இதயம் சுருங்கும்போது ரத்தக் குழாயின் சுவரில் ஓர் அலை எழுந்து ஓடுகிறது. விரலில் தட்டுவது அந்த அலை. பம்பு ஓடுகிறது, இந்த வேகத்தில் ஓடுகிறது என்று அது சொல்லும். பம்புக்கே சாப்பாடு போகிறதா? அதைச் சொல்லாது.

இதயத்துக்குள் இத்தனை ரத்தம் ஓடினாலும், அதன் கனத்த தசைக்கு ரத்தம் வருவது மகாதமனியின் அடியில் பிரியும் இரண்டு சின்னக் குழாய்களிலிருந்துதான். காவிரியின் கடைமடைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆற்றில் தண்ணீர் போனாலும், வாய்க்கால் தூர்ந்தால் வயல் காய்ந்துவிடும். அதுபோல, கொழுப்பு படிந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பிய தசை சாக ஆரம்பிக்கும். அதுதான் மாரடைப்பு. அப்போதும் நாடி ஒழுங்காகவே இருக்கலாம்!

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு விடியற்காலையில் ஒரு பெரியவரை மகன் ஸ்கூட்டரில் கூட்டி வந்தார்.

"வாயுப் பிடிப்புதான் டாக்டர். ஓமத் தண்ணி குடுத்தோம், கேக்கலை. நாடி பாத்து ஒரு சூரணம் குடுங்க."

வலி வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. என்னிடம் வந்தபோது ஐந்தரை. நாடி 80, ஒழுங்கு. ஆனால் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஓமத் தண்ணியில் போன அந்த மூன்றரை மணி நேரத்தின் விலை அது.

என்ன செய்யணும்?

நடு நெஞ்சில் பாரம், இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை... சில நிமிஷத்தில் விடவில்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும் வரலாம். ஏமாந்துவிடாதீர்கள்.

பக்கத்தில் தமிழ்நாட்டில், 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு நிமிஷமும் அவ்வளவு முக்கியம்.

மருதம்பட்டை, பூண்டு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். நிதானமாகப் பேசலாம், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாமல். வலி வந்த வேளையில் மட்டும் அந்தப் பேச்சு வேண்டாம். முதலில் ஈ.சி.ஜி. எடுங்க, நாடியை அப்புறம் பார்த்துக்கலாம்!